வாசகர் கேள்வி – பதில்: ஹுவாலியனில் ஜப்பானியர் அளந்து போட்ட ஊர்கள்

தைவானின் கிழக்குக் கரையில் ஹுவாலியன் என்றொரு மாவட்டம். ஜப்பானிய ஆட்சியில் அங்கே அரசே திட்டமிட்டு, தன் நாட்டு உழவர்களைக் கூட்டி வந்து குடியமர்த்திய கிராமங்கள் இருந்தன. அவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: அரசு அமைத்த குடியேற்றக் கிராமங்கள் எவை? ஏன் கிழக்குக் கரையைத் தேர்ந்தெடுத்தார்கள்? – வாசகர், தஞ்சாவூர்

முதலில் மூன்று ஊர்கள். 1910-இல் யோஷினோ, 1913-இல் தோயோத்தா, 1914-இல் ஹயாஷிதா. மூன்றும் ஹுவாலியன் நகரிலிருந்து தெற்கே, மலைத்தொடர்கள் இரண்டுக்கு நடுவே நீளும் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து இருப்பவை. இன்றைக்கு முறையே ஜியான், ஷோஃபெங், ஃபெங்லின் வட்டாரங்களில் அவற்றைத் தேட வேண்டும். (தோயோத்தா என்றதும் கார் கம்பெனி நினைவுக்கு வரலாம். தொடர்பில்லை. 'வளமான வயல்' என்று பொருள் தரும் பெயர் அது. கார் கம்பெனி 1937-இல்தான் தொடங்கியது.)

இவற்றுக்கு முன்பே தனியார் முயற்சி ஒன்று நடந்தது. கதா கின்சாபுரோ என்ற தொழிலதிபர் 1899-இலிருந்து கிழக்கில் நிலம் பிடித்து, ஜப்பானிய உழவர்களையும் வரவழைத்தார். நோயும் பூர்வகுடிகளின் எதிர்ப்பும் சேர்ந்து அதை முடித்துவைத்தன. 'தனியாரை நம்பினால் ஆகாது, அரசே செய்யவேண்டும்' என்ற முடிவுக்கு ஆட்சியாளர்கள் வர இந்தத் தோல்வியும் ஒரு காரணம்.

ஏன் கிழக்கு? 1895-இல் ஷிமோனோசெகி ஒப்பந்தப்படி தைவான் ஜப்பானின் கைக்கு வந்தபோது, மேற்குச் சமவெளி முழுக்கச் சீன உழவர்களின் வயல். அங்கே பட்டா இருந்தது, குத்தகை இருந்தது, வரி கட்டிய ரசீது இருந்தது. கிழக்கில் அமிஸ் போன்ற பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக உழுதும் வேட்டையாடியும் வந்த நிலத்துக்கு எழுத்தில் எதுவும் இல்லை. 1895-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் ஆணை, 'உரிமைப் பத்திரம் காட்ட முடியாத நிலம் அரசுடையது' என்றது. அந்த ஒரு வரிதான் கிழக்கை 'காலி நிலம்' ஆக்கியது.

கே: யோஷினோ தரிசு நிலத்தில் உருவான ஊர் என்று ஒரு சுற்றுலாக் குறிப்பில் படித்தேன். சரியா? – வாசகர், கோயம்புத்தூர்

சரியல்ல. யோஷினோ அமைந்த இடம் சிகாசுவான் என்ற பெரிய அமிஸ் ஊரின் நிலம். 'விறகு மிகுந்த இடம்' என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். சிகாசுவான் ஆண்களை ஜப்பானியர், மலைவாழ் பூர்வகுடிகளைத் தடுக்க மலையோரம் போட்ட காவல் கோட்டில் காவலர்களாக வேலைக்கு வைத்திருந்தார்கள். கூலியிலும், ஊரைவிட்டுத் தொலைவில் வேலைக்கு அனுப்புவதிலும் மனத்தாங்கல் முற்றி, 1908 டிசம்பரில் அவர்கள் காவலை விட்டு எழுந்தார்கள். படை வந்தது. ஊர் எரிந்தது. தப்பியவர்கள் மலைக்கு ஓடினார்கள். பிறகு அவர்களைப் பிரித்து வேறு வேறு இடங்களில் குடிவைத்தார்கள். சிலரைத் தெற்கே தைத்துங் பக்கம் வரை கொண்டுபோனார்கள்.

அந்த நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1910 பிப்ரவரியில் ஷிகோக்கு தீவின் தோக்குஷிமா மாகாணத்திலிருந்து முதல் 9 குடும்பங்கள் வந்து இறங்கின. எழுச்சிக்கும் குடியேற்றத்துக்கும் இடையே பதினான்கு மாதங்கள்தான். யோஷினோவின் சாலைகள் எவ்வளவு நேர்த்தி என்று வியப்பவர்கள் இந்தப் பதினான்கு மாதங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. யோஷினோ என்பது தோக்குஷிமாவில் ஓடும் ஆற்றின் பெயர். வந்தவர்கள் தங்கள் ஆற்றின் பெயரை வைத்தார்கள். இருந்தவர்களின் பெயர் வரைபடத்திலிருந்து போயிற்று.

கே: யாரைச் சேர்த்தார்கள்? என்ன கொடுத்தார்கள்? – வாசகர், மதுரை

கையில் தொழில் உள்ள உழவனாக இருக்கவேண்டும். குடும்பத்தோடு வரவேண்டும். தனி ஆளாக வருபவன் நான்கு காசு சேர்ந்ததும் திரும்பிவிடுவான் என்ற கணக்கு. குடி, சூது இல்லாதவன், நிரந்தரமாகத் தங்க மனமுள்ளவன், ஆரம்பச் செலவுக்குக் கொஞ்சம் பணம் வைத்திருப்பவன் என்று பார்த்தார்கள். ஏழையை ஏற்றி அனுப்பும் திட்டமாக அல்ல, 'முன்மாதிரி ஜப்பானிய கிராமம்' ஒன்றை நட்டுவைக்கும் திட்டமாகவே அரசு இதை எண்ணியது.

நிலம் 'கா' என்ற தைவான் அளவில் கொடுக்கப்பட்டது. 1 கா என்பது 0.97 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறத்தாழ 2.4 ஏக்கர். ஒரு குடும்பத்துக்கு மூன்று கா அளவில், அதாவது ஏழு ஏக்கருக்குச் சற்று மேல், நன்செயும் புன்செயுமாகக் கிடைத்தது. ஜப்பானில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துப் பிழைத்தவருக்கு இது கனவு போன்ற பரப்பு. ஆனால் உடனே சொந்தமாகிவிடாது. நிலத்தைத் திருத்தி, அங்கேயே தங்கி, விலையைத் தவணையில் கட்டி முடித்த பிறகே உரிமை.

ஊரின் அமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சதுரங்கக் கட்டம் போல் சாலைகள். சாலையை ஒட்டி வீட்டுமனை. அதைத் தாண்டி வயல். ஒவ்வொரு ஊரையும் சிறு குடியிருப்புகளாகப் பிரித்தார்கள். யோஷினோவில் மியாமாயே, கியோமிசு, குசாவாகே என்று மூன்று. நடுவில் குடியேற்ற வழிகாட்டு அலுவலகம், காவல் நிலையம், பள்ளி, மருத்துவ நிலையம், ஷிண்டோ கோயில், பௌத்த உபதேச மண்டபம். 

கே: நிலமும் வீடும் கொடுத்தும் பலர் திரும்பிப் போனார்களாமே? – வாசகர், திருச்சி

போனார்கள். வரைபடத்தில் எல்லாம் இருந்தது. நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது, புல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது அதில் இல்லை.

முதலில் மண். பள்ளத்தாக்கின் ஓரம் முழுவதும் மலையாறுகள் விசிறிபோல் பரப்பிய கூழாங்கல் படுகை. மேலே ஓரடி மண், கீழே கல். கலப்பை இறங்குவதற்கு முன் கல் பொறுக்கவேண்டும். பொறுக்கிய கல்லை வரப்போரம் குவிக்கவேண்டும். இப்படிப்பட்ட நிலத்தில் பாய்ச்சிய தண்ணீர் நிற்காது. வாய்க்கால் வெட்டும் வரை நெல் என்பது பேச்சளவில்தான். வெட்டினாலும், முகுவா ஆறு போன்ற செங்குத்தான ஆறுகளில் ஒரு புயல்மழைக்குத் தலைமதகு கல்லும் மணலும் மூடிப் போய்விடும். ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் தூர் வாருவது ஊர்க்கடமை.

அடுத்தது காற்று. பசிபிக்கிலிருந்து வரும் சூறாவளி நேராக மோதும் கரை இது. ஜப்பான் பாணியில் மரச்சட்டமும் புல் கூரையுமாகக் கட்டிய வீடுகளை 1912-ஆம் ஆண்டுச் சூறாவளி அடித்துப் போட்டது. விளைச்சலும் போயிற்று, தவணை மட்டும் நின்றது.

மூன்றாவது நோய். மலேரியாவை எதிர்பார்த்தே வந்தார்கள். அதற்குக் கொயினா இருந்தது. எதிர்பாராதது இன்னொரு காய்ச்சல். அங்கே அதை 'முகுவாக் காய்ச்சல்' என்று ஆற்றின் பெயரால் அழைத்தார்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல் என்று இன்று எழுதுகிறார்களே, அதேதான். ஹாதோரி ஜூரோ என்ற ஜப்பானிய மருத்துவர் ஹுவாலியனில் இதை ஆராய்ந்து அடையாளம் கண்டார். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு வகைப் பூச்சியின் இளம்பருவம் உயரமான புல்லின் நுனியில் காத்திருக்கும். ஆளோ எலியோ உரசிப் போனால் ஏறிக்கொள்ளும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு; ஒன்றிரண்டு வாரத்தில் கடும் காய்ச்சல். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. கொயினாவுக்கு அசையாது. இதைக் குணப்படுத்தும் மருந்து 1940-களின் பிற்பகுதியில்தான் வந்தது.

இந்த நோய் ஏன் குடியேறிகளைக் குறிவைத்ததுபோல் தாக்கியது? அடர்காட்டிலும் இந்தப் பூச்சி குறைவு, நன்றாக உழுத வயலிலும் குறைவு. காட்டை வெட்டிப் பாதியில் விட்ட இடத்தில், புல்லும் புதரும் எலியும் பெருகும் ஓரங்களில்தான் மிகுதி. அதாவது புதிதாகத் திருத்தப்படும் குடியேற்ற ஊரின் நிலப்பரப்பே இதற்கு உகந்த வீடு. புல்வெளியில் உட்காராமல், கால் மூடிய உடையோடு வேலை செய்து, வீடு வந்ததும் குளித்து உடை மாற்றி, வீட்டைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி வைப்பதுதான் அன்று இருந்த ஒரே காப்பு. இன்றைக்கும் முதல் காப்பு அதுவே.

கே: அந்த வட்டாரத்தில் உயரமான கூரையோடு பழைய புகையிலைக் கொட்டகைகள் இருக்கின்றனவே. அவை எப்படி வேலை செய்தன? – வாசகர், திண்டுக்கல்

புகையிலை விளையும் ஊரிலிருந்து வந்த கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

தைவானில் 1905 முதல் புகையிலை அரசின் தனியுரிமையாக இருந்தது. 1913-இல் யோஷினோவில் மஞ்சள் இலைப் புகையிலையைப் பயிரிட்டுப் பார்த்தார்கள், நன்றாக வந்தது. குடியேறிகளுக்கு இது பொருந்தியதற்குக் காரணம் பருவம். கோடை முடிவில் நாற்றங்கால், அக்டோபர் – நவம்பரில் நடவு, ஜனவரியிலிருந்து இலை ஒடிப்பு. சூறாவளிக் காலம் முடிந்த பிறகு வயலுக்குப் போய், அடுத்தது தொடங்கும் முன் வீட்டுக்கு வந்துவிடும். அத்தனையையும் அரசே வாங்கிக்கொள்ளும். கரும்பில் இந்த நிம்மதி இல்லை. எந்தப் பகுதியின் கரும்பு எந்த ஆலைக்கு என்று முன்பே வரையறுத்திருந்ததால், ஆலை சொன்னதே விலை.

மஞ்சள் இலையை வெயிலில் காயவைக்க முடியாது. மூடிய கொட்டகைக்குள் சூட்டில் பாடம் செய்யவேண்டும். நெருப்பு வெளியே, சுவரோரம் உள்ள அடுப்பில். சூடு மட்டும் இரும்புக் குழாய் வழியே கொட்டகையின் தரையில் சுற்றி வரும். புகை இலையைத் தொடக்கூடாது. குழாயில் ஓர் ஓட்டை இருந்தாலும் மொத்தச் சரக்கும் கரி வாடை பிடித்துவிடும். சுவர் மூங்கில் தட்டிமேல் மண் பூசியது. சூட்டைப் பிடித்து வைக்க மண்சுவரைப் போல் மலிவானது வேறில்லை. ஒசாகா பாணிக் கொட்டகையில் கூரையின் முகட்டுக்கு மேல் இன்னொரு குட்டிக் கூரை நிற்கும். அதன் பக்கவாட்டுச் சன்னல்களைக் கீழிருந்தபடியே திறந்து மூடலாம். ஈரக்காற்று வெளியேறும் வழி அதுதான்.

இலையை அடியிலிருந்து மேலாக, முற்ற முற்ற ஒடிப்பார்கள். கோல்களில் கட்டி அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு, சன்னல்களை மூடி, 35 – 38 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒன்றரை, இரண்டு நாள் வைப்பார்கள். இலை உயிரோடு இருக்கும்போதே அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகி, பச்சை போய் மஞ்சள் ஏறும். பிறகு சன்னலை மெல்லத் திறந்தபடி சூட்டை 50 டிகிரிக்கு ஏற்றி நிறத்தை நிறுத்தவேண்டும். அடுத்து இலைத்தகடு காய 60-ஐ ஒட்டி. கடைசியில் நடுநரம்பு காய 70-ஐ ஒட்டி. எல்லாம் சேர்த்து ஐந்து முதல் ஏழு நாள்.

கெடுவது பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தில். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் இலை பச்சையாகவே செத்துவிடும். பிறகு எத்தனை நாள் வைத்தாலும் மஞ்சள் வராது. தாமதித்தாலோ, மஞ்சள் ஏறிய இலையில் ஈரம் தங்கிப் பழுப்புப் படரும். நடுநரம்பு முழுக்கக் காயாமல் இறக்கினால் கட்டில் பூஞ்சை பிடிக்கும். காய்ந்து முடிந்ததும் உடனே தொடக்கூடாது, அப்பளமாக நொறுங்கும். ஓர் இரவு சன்னலைத் திறந்துவிட்டு, காற்றின் ஈரத்தை இலை குடித்து இளகிய பிறகே இறக்குவார்கள். அந்த ஒரு வாரமும் இரவு பகலாக முறை வைத்து அடுப்பைப் பார்க்கவேண்டும், விறகு தொடர்ந்து வரவேண்டும். தரம் பார்த்துத்தான் விலை என்பதால், ஒரு தூக்கம் ஒரு பருவத்தின் வருமானத்தைக் கெடுக்கும்.

ஃபெங்லினில் இந்தக் கொட்டகைகள் இன்னும் சில நிற்கின்றன. ஜப்பானியர் போன பிறகும் புகையிலை நிற்கவில்லை. அங்கே குடியேறியிருந்த, ஹக்கா என்ற சீனப் பிரிவைச் சேர்ந்த உழவர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். ஆகவே நீங்கள் பார்க்கும் கொட்டகை எல்லாமே ஜப்பானியர் கட்டியது என்று எண்ணவேண்டாம்.

கே: வேலையெல்லாம் குடியேறிகளே செய்தார்களா? – வாசகர், நாமக்கல்

திட்டம் அப்படித்தான் சொன்னது: ஜப்பானியர் மட்டுமே வாழ்ந்து, தாங்களே உழுது பிழைக்கும் ஊர். நடப்பில் ஏழு ஏக்கரை ஒரு குடும்பம் தனியாகக் கட்டி ஆள முடியவில்லை. கரும்பு வெட்டுக்கும் நடவுக்கும் அமிஸ் ஆட்களும், மேற்கிலிருந்து வந்த ஹக்காக்களும் தேவைப்பட்டார்கள். நிலத்தை இழந்தவர்களே அதே நிலத்தில் கூலிக்கு வந்தார்கள் என்பதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கே: ஜப்பான் நெல் தைவான் வெயிலில் விளைந்ததா? – வாசகர், திருவாரூர்

தொடக்கத்தில் சரியாக விளையவில்லை. குளிர்நாட்டு ரகத்தை அங்கே வழக்கமான வயதில் பிடுங்கி நட்டால், சூட்டில் சீக்கிரமே பொதி தள்ளி, தூர் கட்டாமல் கதிர் விட்டுவிடும். பயிர் குட்டையாக, கதிர் சிறியதாக நிற்கும். இசோ எய்க்கிச்சி, சுயெனாகா மெகுமு என்ற இருவர் மேற்குத் தைவானில் செய்த ஆய்வில் இதற்குத் தீர்வு கிடைத்தது: நாற்றை இளசாகப் பிடுங்கி நடு. நாற்றங்காலில் கழியும் நாளைக் குறைத்தால் வயலில் தூர் வெடிக்க நாள் கிடைக்கும். இப்படிப் பழக்கிய நெல்லுக்கு 1926-இல் 'ஹோராய்' என்று பெயர் வைத்தார்கள். யோஷினோ அரிசி அதற்கெனத் தனிப் பெயர் எடுத்தது. ஜப்பான் அரண்மனைக்கு அனுப்பப்பட்ட அரிசி என்று ஜியானில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

கே: அரசு 1917-இல் குடியேற்றத்தை ஏன் நிறுத்தியது? பிறகு என்ன ஆயிற்று? – வாசகர், சேலம்

செலவு, நோய், எதிர்பார்த்ததைவிடக் குறைந்த குடும்பங்கள். பொருள் வெளியே போக வழியும் இல்லை. ஹுவாலியனில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் நிற்க, ஆளும் மூட்டையும் படகில் அலையைத் தாண்டி வரவேண்டும். பள்ளத்தாக்கின் 762 மில்லிமீட்டர் அகலக் குறுகிய ரயில் பாதை 1926-இல்தான் தைத்துங் வரை முழுமை பெற்றது. வடக்கே போகும் கடலோரச் சாலையில் 1932-இல் மோட்டார் வண்டி ஓடியது. துறைமுகம் 1939-இல் திறந்தது. ஊரை முதலில் போட்டு வழியை இருபது ஆண்டு கழித்துப் போட்டதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய பிழை.

இடையில் தனியாரிடம் விட்டார்கள். தைத்துங்கில் ஒரு சர்க்கரைக் கம்பெனி நீகாத்தா மாகாணத்திலிருந்து ஆள் கொண்டுவந்து அமைத்த ஷிகானோ அவ்வகை, இன்றைய லோங்தியன். 1932-இலிருந்து அரசு மறுபடி இறங்கியது. இம்முறை மேற்கில், கரை கட்டி மீட்ட ஆற்றுப்படுகைகளில். சோஷுய் ஆற்றோரம் அகிட்சு, தெற்கே இன்றைய பிங்துங்கில் ஹிநோதே, சித்தோசே, தோக்கிவா ஆகியவை இந்தச் சுற்றைச் சேர்ந்தவை.

கே: மஞ்சூரியாக் குடியேற்றமும் இதுவும் ஒன்றா? – வாசகர், சென்னை

எண்ணம் ஒன்று, அளவும் முடிவும் வேறு. வடகிழக்குச் சீனாவில் ஜப்பான் பிடித்திருந்த மஞ்சூரியாவுக்கு 1936-இல் போட்ட திட்டம் 20 ஆண்டில் 10 லட்சம் குடும்பங்கள். அங்கே 1945 ஆகஸ்டில் சோவியத் படை நுழைந்தபோது குடியேறிகள் நடுவழியில் கைவிடப்பட்டு ஏராளமானோர் மாண்டார்கள். தைவானில் அப்படி நடக்கவில்லை. போர் முடிந்து, பெரும்பாலோர் 1946-இல் கப்பலேறினார்கள். ஆளுக்கு 1,000 யென் பணமும் சுமக்க முடிந்த மூட்டையும் மட்டும். நிலம், தைவானைப் பொறுப்பேற்ற சீனக் குடியரசு அரசுக்குப் போய், குத்தகைக்கு விடப்பட்டு, 1951 முதல் பொதுநில விற்பனையில் உழுதவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறியது. அமிஸ் மக்களுக்கு அது திரும்பவில்லை.

கே: ஹுவாலியன் பக்கம் போகிறேன். ஒரு நாளில் எதைப் பார்க்கலாம்? – வாசகர், புதுச்சேரி

காலையில் ஜியானில் சிங்ஷியூயுவான். 1917-இல் யோஷினோ மக்கள் எழுப்பிய ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவின் மண்டபம். சுற்றிலும் 88 கற்சிலைகள். ஷிகோக்கு தீவைச் சுற்றி 88 கோயில்களுக்கு நடக்கும் யாத்திரை ஒன்று உண்டு. அதன் முதல் 23 கோயில்கள் தோக்குஷிமாவில்தான். ஊருக்குத் திரும்பி நடக்க முடியாதவர்கள் யாத்திரையையே இங்கே வைத்துக்கொண்டார்கள். மூலச் சிலைகள் பல காணாமல் போயின. இப்போது இருப்பவற்றில் பல பிற்பாடு செய்து வைத்தவை. நோய் தீர வேண்டி வணங்கிய கல்வெட்டொன்றும் இருக்கிறது. மருந்தில்லாத காய்ச்சலைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொண்டு அதைப் பாருங்கள்.

மதியம் ரயிலில் ஃபெங்டியன். தோயோத்தாவின் இன்றைய உச்சரிப்பு அது. ஊரின் ஷிண்டோ கோயில் இருந்த இடத்தில் பிலியன் கோயில் நிற்கிறது. பழைய காவல் நிலையம் ஊர் வரலாற்று இல்லமாகியிருக்கிறது. மாலையில் ஃபெங்லின், புகையிலைக் கொட்டகைகளுக்காக. மிதிவண்டி எடுத்துக்கொண்டால் சாலைக் கட்டம் காலுக்கே புரியும்.

கே: கல்வெட்டுகளில் உள்ள ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி? – வாசகர், நாகர்கோவில்

ஜப்பானியர் ஆண்டைப் பேரரசரின் ஆட்சிப்பெயரால் எண்ணினார்கள். மெய்ஜி என்றிருந்தால் எண்ணோடு 1867-ஐக் கூட்டுங்கள். தாய்ஷோ என்றால் 1911. ஷோவா என்றால் 1925. மெய்ஜி 43 என்பது 1910. சீனக் குடியரசின் ஆண்டுக்கும் கூட்டவேண்டியது 1911-தான், ஆகவே தாய்ஷோ 6-உம் குடியரசு 6-உம் ஒரே ஆண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். போருக்குப் பின், குறிப்பாக 1974-இல் ஜப்பானிய ஆட்சிச் சின்னங்களை அகற்ற வந்த உத்தரவுக்குப் பின், கல்லில் ஆட்சிப்பெயரை மட்டும் கொத்தியோ சிமெண்ட் பூசியோ மறைத்து, மேலே 'மின்குவோ' என்று குடியரசின் பெயரைப் பொறித்த இடங்கள் தைவானில் உண்டு. தாய்ஷோவை மாற்றினால் ஆண்டு தப்பாது; ஷோவாவை மாற்றும்போது எண்ணையும் மாற்றாவிட்டால் பதினான்கு ஆண்டு பின்னால் போய்விடும். 1945-க்கு முந்தைய கல்லில் 'மின்குவோ' இருந்தால், ஆட்சிப்பெயர் எழுத்துகள் மட்டும் பள்ளமாக இருக்கின்றனவா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். காலையும் மாலையும் அதற்கு ஏற்ற நேரம்.